இரண்டாவது எஞ்சின் எப்போது கைகொடுக்கும்?

ஓடுபாதை ஓரமாக இரண்டு குட்டி விமானங்கள் நிற்கின்றன. இரண்டிலும் நான்கு பேர்தான் உட்காரலாம். ஒன்றுக்கு மூக்கில் ஒரே ஒரு எஞ்சின். மற்றதற்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். நீங்கள் எதில் ஏறுவீர்கள்?

“இதென்ன கேள்வி? இரண்டு எஞ்சின் இருப்பதில்தான். ஒன்று நின்றாலும் இன்னொன்று இருக்குமே!” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். தப்பில்லை. ஆனால் அது பாதிப் பதில். சிறிய விமானம் ஓட்டுபவர்களிடையே ஒரு பழைய கேலி உண்டு. “ஒரு எஞ்சின் நின்றுவிட்டால், மற்றது உன்னை விபத்து நடக்கும் இடம்வரை கொண்டுபோய் விடும்” என்பார்கள். கேலிதான். ஆனால் அதற்குள் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் இயற்பியலும் இருக்கின்றன. இரண்டையும் இன்று பிரித்துப் பார்க்கலாம். ஒரு லூடோ கட்டையும், ஒரு அடி ஸ்கேலும், ஓர் அட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டையை உருட்டுங்கள்

லூடோ கட்டைதான் நம் எஞ்சின். உருட்டும்போது 1 விழுந்தால் எஞ்சின் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒரே கட்டை என்றால் ஆறில் ஒரு வாய்ப்பு, அதாவது 36-க்கு 6.

இப்போது இரண்டு கட்டைகளை உருட்டுங்கள். மொத்தம் 36 விதமாக விழலாம். அவற்றில் ஏதாவது ஒரு கட்டையிலாவது 1 வருவது எத்தனை விதம்? எழுதிப் பாருங்கள்: 11. இரண்டிலும் 1 வருவது? ஒரே ஒரு விதம்.

கவனித்தீர்களா? எஞ்சின் கோளாறு என்ற தொல்லை 6-லிருந்து 11-ஆகக் கூடிவிட்டது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் இரண்டும் சேர்ந்து நிற்கும் ஆபத்து 6-லிருந்து 1-ஆகக் குறைந்துவிட்டது.

உண்மையான எஞ்சின் இவ்வளவு சீக்கிரம் நிற்காது. பத்தாயிரம் பயணத்தில் ஒருமுறை நிற்கும் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஏதாவது ஒன்று நிற்பது பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை. இரண்டும் ஒரே பயணத்தில் நிற்பது பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் கிடைக்கும் பத்துக் கோடியில் ஒருமுறை. ஒரு நிபந்தனை உண்டு. ஒன்று நிற்பதற்கும் மற்றது நிற்பதற்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. அந்த நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். பின்னால் அதுதான் பெரிய சிக்கலைக் கொண்டுவரப் போகிறது.

1927-இல் சார்லஸ் லிண்ட்பெர்க் இந்தக் கணக்கைத் தன் வழியில் போட்டுப் பார்த்தார். நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் நடுவே எங்கும் இறங்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். அதற்குப் போட்டியிட்ட சிலர் மூன்று எஞ்சின் வைத்த பெரிய விமானங்களைத் தயார் செய்தார்கள். லிண்ட்பெர்க் ஒரே எஞ்சின் போதும் என்று முடிவு செய்தார். மூன்று எஞ்சின் என்றால் கோளாறு வர மூன்று இடம். எடையும் கூடும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். பெட்ரோல் நிரம்பி வழியும் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால், மிச்சம் இரண்டு அதைக் கடலுக்கு மேல் தாங்கிப் பிடிக்குமா என்பதும் சந்தேகம். 223 குதிரைத்திறன் கொண்ட ஒரே ஒரு ரைட் வேர்ல்விண்ட் எஞ்சினை நம்பி மே 20 அன்று கிளம்பினார். முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்து பாரிஸில் இறங்கினார். எஞ்சின் ஒரு முறைகூட நிற்கவில்லை.

அதற்காக ஒரே எஞ்சின்தான் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பது வரைக்கும்தான் இங்கே தெரிகிறது.

பாதி போனால் மிச்சம் பாதியா?

இரண்டில் ஒரு எஞ்சின் நின்றால் பாதிச் சக்தி போய்விடும். அப்படியென்றால் விமானம் மேலே ஏறும் வேகமும் பாதியாகும், அவ்வளவுதானே? இல்லை. பெரியவர்களே பலர் ஏமாறும் இடம் இது.

விமானம் கீழே இறங்காமல் ஒரே உயரத்தில் பறப்பதற்கே கொஞ்சம் சக்தி வேண்டும். காற்று பின்னுக்கு இழுக்கிறதல்லவா, அதைச் சமாளிக்கத்தான் அந்தச் சக்தி. அதற்குப் போக மிச்சம் இருப்பதை வைத்துத்தான் உயரே ஏற முடியும்.

ஒவ்வொரு எஞ்சினும் 100 பங்கு சக்தி தருகிறது என்று கொள்வோம். ஒரே உயரத்தில் பறக்க 80 பங்கு வேண்டும். இரண்டு எஞ்சினும் ஓடினால் 200-இல் 80 போக 120 மிச்சம். அந்த 120-ஐ வைத்து விமானம் ஜோராக ஏறும். ஒன்று நின்றுவிட்டால்? 100-இல் 80 போக 20 மிச்சம். 120 எங்கே, 20 எங்கே! சக்தி குறைந்தது பாதிதான், ஏறும் திறன் ஆறில் ஒரு பங்காகிவிட்டது.

இது நான் சௌகரியத்துக்காகப் போட்ட எண். உண்மையான விமானத்திலும் கதை இதேதான். பைப்பர் செமினோல் என்று ஒரு அமெரிக்க விமானம். இரட்டை எஞ்சின் பயிற்சிக்குப் பல நாடுகளில் பயன்படுகிறது. ஒவ்வொரு பக்கமும் 180 குதிரைத்திறன். முழு எடையோடு கடல் மட்டத்தில் இரண்டு எஞ்சினும் ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 அடி ஏறும். ஒன்று நின்றால், எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், ஏறக்குறைய 200 அடிதான். உயரே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும், எஞ்சினின் சக்தியும் குறையும். வெயில் நாளிலும் அப்படியே. ஓர் உயரத்துக்கு மேல் ஒற்றை எஞ்சினால் விமானத்தை அதே மட்டத்தில் வைத்திருக்கவும் முடியாது. அது மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும்.

பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்களுக்குச் சட்டம் கறாரானது. ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியபின் ஒரு எஞ்சின் நின்றால், மிச்சமிருப்பதை வைத்தே எழும்பி உயர முடியும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். சிறிய விமானங்களுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. 6,000 பவுண்டு, அதாவது 2,722 கிலோவுக்கு மேற்படாத, மெதுவாக இறங்கக்கூடிய இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினில் உயர்ந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க விதிகள் நெடுங்காலம் கேட்கவில்லை. எவ்வளவு ஏறும் அல்லது எவ்வளவு இறங்கும் என்பதைக் கணக்கெடுத்துச் சொன்னால் போதும் என்று விட்டிருந்தன. அந்தக் கேலிப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

மூக்கு ஏன் திரும்புகிறது?

ஸ்கேலை எடுங்கள். மேசைமேல் உங்களுக்குக் குறுக்காகப் படுக்க வையுங்கள். இரண்டு முனைகளிலும் இரண்டு விரல்களை வைத்து ஒரே அளவு பலத்தில் தள்ளுங்கள். நேராகப் போகும். இப்போது இடக்கை விரலை எடுத்துவிட்டு வலது முனையை மட்டும் தள்ளுங்கள். ஸ்கேல் முன்னே போவதைவிடச் சுழலத்தான் பார்க்கும். எந்தப் பக்கம் தள்ளவில்லையோ அந்தப் பக்கமாகத் திரும்பும்.

இடது எஞ்சின் நின்ற விமானத்துக்கும் இதேதான் நடக்கிறது. வலது எஞ்சின் தள்ள, மூக்கு இடப்பக்கம் திரும்பும். தடுப்பதற்கு வால் பகுதியில் செங்குத்தாக நிற்கும் சுக்கான் இருக்கிறது. விமானி வலது பெடலை அழுத்தமாக மிதித்தால் சுக்கான் திரும்பி, மூக்கை நேரே கொண்டுவரும். ஓடுகிற எஞ்சின் பக்கமாக விமானத்தை ஐந்து டிகிரிக்கு மேற்படாமல் லேசாகச் சாய்த்தும் வைத்துக்கொள்வார்.

ஆனால் சுக்கானுக்குச் சொந்த பலம் கிடையாது. மேலே மோதும் காற்றுதான் அதன் பலம். வேகம் பாதியானால் அந்தப் பலம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். அதனால் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போய்விட்டால், பெடலைக் கடைசிவரை மிதித்தாலும் ஓடுகிற எஞ்சினே ஜெயித்துவிடும். விமானம் சுழன்று, ஒரு பக்கமாகப் புரளத் தொடங்கும்.

அந்த எல்லையை வேகமானியில் ஒரு சிவப்புக் கோடாகக் குறித்திருப்பார்கள். செமினோலில் அது 56 நாட், அதாவது மணிக்குச் சுமார் 104 கிலோமீட்டர். அதற்கு மேலே ஒரு நீலக் கோடு இருக்கும். ஒற்றை எஞ்சினில் மிக நன்றாக ஏறக்கூடிய வேகம் அது. செமினோலில் 88 நாட், சுமார் 163 கிலோமீட்டர். எஞ்சின் நின்ற விமானிக்கு அந்த நீலக் கோடுதான் உயிர்க்கோடு.

சரி, வேகம் சிவப்புக் கோட்டை நெருங்கி விமானம் புரளப் பார்க்கிறது. என்ன செய்ய வேண்டும்? ஓடிக்கொண்டிருக்கும் நல்ல எஞ்சினின் சக்தியையே குறைக்க வேண்டும், மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும். இருப்பதே ஒரு எஞ்சின், அதையும் குறைப்பதா என்று மனசு கேட்காது. தரைக்கு அருகில் பறக்கும்போது மூக்கைத் தாழ்த்தவும் கை வராது. அதனால்தான் இதைப் பயிற்சியில் பாதுகாப்பான உயரத்துக்குப் போய்த் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. ஸ்கேலின் நடுவிலிருந்து விரலைத் தள்ளி வைக்க வைக்க, அது எளிதாகச் சுழலும். விமானியின் பக்கமிருந்து பார்த்தால் பல விமானங்களில் இரண்டு புரொப்பெல்லர்களும் கடிகார முள் திசையில் சுற்றும். மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கும்போது, கீழ்நோக்கி வரும் வலப்பக்கத் தகடு காற்றை அதிகமாகத் தள்ளும். அதனால் வலது எஞ்சினின் உந்துவிசை நடுவிலிருந்து இன்னும் விலகி நிற்கும், இடது எஞ்சினுடையது உடலுக்குப் பக்கத்தில் இருக்கும். இடது நின்று வலது மட்டும் ஓடினால் சுழற்சி அதிகம். ஆகவே அத்தகைய விமானங்களில் இடது எஞ்சின் நிற்பதுதான் மோசம். செமினோலில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். வலப்பக்கப் புரொப்பெல்லரை எதிர்த்திசையில் சுற்ற விட்டார்கள். எது நின்றாலும் சிரமம் ஒரே அளவுதான்.

செஸ்னா நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. இறக்கையில் வைத்தால்தானே மூக்கு திரும்பும்? ஒரு எஞ்சினை மூக்கில் வைத்தார்கள், இன்னொன்றை உடலின் பின்பக்கம் வைத்தார்கள். முன்னால் இருப்பது இழுக்கும், பின்னால் இருப்பது தள்ளும். இரண்டும் நடுக்கோட்டிலேயே இருப்பதால் எது நின்றாலும் விமானம் நேராகவே போகும். 1961-இல் முதலில் பறந்த இந்த வகைதான் ஸ்கைமாஸ்டர்.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, புதிதாக ஒன்று முளைத்தது. பின் எஞ்சின் விமானியின் கண்ணுக்குத் தெரியாது. அது நின்றால் மூக்கு திரும்பி எச்சரிக்கையும் தராது. நின்றது தெரியாமலே ஓடுபாதையில் ஓடத் தொடங்கிய விமானிகள் உண்டு. அதனால் கிளம்பும்போது முதலில் பின் எஞ்சினுக்குச் சக்தி கொடுத்து, அது ஓடுகிறதா என்று மானியைப் பார்த்து, அப்புறம் முன் எஞ்சினுக்குக் கொடுப்பது வழக்கமானது.

ஆறு கைப்பிடிகள்

செமினோல் விமானியின் வலக்கைக்குப் பக்கத்தில் ஆறு கைப்பிடிகள் வரிசையாக நிற்கும். கறுப்பு இரண்டு, நீலம் இரண்டு, சிவப்பு இரண்டு. கறுப்பு, எஞ்சின் எவ்வளவு சக்தி தர வேண்டும் என்பதற்கு. நீலம், புரொப்பெல்லர் தகடுகளின் கோணத்துக்கு. சிவப்பு, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவுக்கு. சிவப்பைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் நின்றுவிடும்.

விமானம் தரையை விட்டு எழும்பிச் சக்கரங்களை மடக்கிய நேரத்தில் ஒரு எஞ்சின் நிற்கிறது என்று வையுங்கள். விமானி முதலில் பெடலை மிதித்து மூக்கை நேராக்குவார், நீலக் கோட்டு வேகத்தைப் பிடிப்பார். பிறகு ஆறு கைப்பிடிகளையும் முன்னுக்குத் தள்ளுவார். எது நின்றது என்று இன்னும் உறுதியாகத் தெரியாதே, அதனால்தான் ஆறும். அடுத்து, எந்தக் கால் பெடலை மிதிக்காமல் சும்மா இருக்கிறது என்று பார்ப்பார். சும்மா இருக்கும் கால் பக்கத்து எஞ்சின்தான் நின்றது. அப்போதும் உடனே அணைக்க மாட்டார். அந்தப் பக்கத்துக் கறுப்புக் கைப்பிடியை மெல்லப் பின்னுக்கு இழுப்பார். விமானத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் சரி, நின்றது அதுதான்.

இவ்வளவு நிதானம் தேவையா? தேவை. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் ஒரு போயிங் 737 விமானத்தின் இடது எஞ்சின் பழுதானது. விமானிகள் தவறுதலாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது எஞ்சினை அணைத்துவிட்டார்கள். கெக்வொர்த் என்ற ஊருக்கு அருகே விமானம் விழுந்து 47 பேர் இறந்தார்கள். இரண்டாவது எஞ்சின் இருந்தது, ஓடவும் செய்தது. அது எது என்று தெரியாமல் போனதுதான் கொடுமை.

எது என்று உறுதியானபின், அந்தப் பக்கத்து நீலக் கைப்பிடியைக் கடைசிவரை இழுப்பார். இதற்கு ஃபெதரிங் என்று பெயர். ஏன் செய்கிறார்கள் என்று தெரிய, ஓடும் மின்விசிறியின் முன்னே அட்டையைப் பிடியுங்கள். முகத்தைக் காட்டிப் பிடித்தால் காற்று அட்டையைத் தள்ளும். விளிம்பைக் காட்டிப் பிடித்தால் தள்ளுவதே தெரியாது. நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் காற்றில் வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தால், அது விமானத்தைப் பலமாகப் பின்னுக்கு இழுக்கும். நாம் மிச்சம் பிடித்த 20 பங்கு சக்தியை அந்த இழுப்பே தின்றுவிடும். தகடுகளைத் திருப்பி விளிம்பு காற்றுக்கு எதிரே இருக்கும்படி வைத்துவிட்டால் சுற்றுவது நின்றுவிடும், இழுப்பும் வெகுவாகக் குறையும்.

தகடுகளைச் சாதாரணக் கோணத்தில் பிடித்து வைத்திருப்பது எஞ்சின் ஆயிலின் அழுத்தம். எதிர்ப்பக்கத்தில் அழுத்தி அடைத்த வாயுவும் எடைக்கட்டிகளும் அவற்றை விளிம்புக் கோணத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆயில் அழுத்தம் போனால் தகடுகள் தாமாகவே பாதுகாப்பான பக்கம் திரும்பிவிடும். தரையில் ஒவ்வொரு முறை எஞ்சினை அணைக்கும்போதும் இப்படித் திரும்பாமல் இருக்க ஒரு பூட்டும் உண்டு. சுழற்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய 950-க்குக் கீழே வந்தால் அந்தப் பூட்டு விழுந்துவிடும். அதற்கப்புறம் பறக்கும்போதும் ஃபெதர் செய்ய முடியாது. ஆகவே விமானி நிதானமாக இருக்கவும் வேண்டும், தாமதிக்கவும் கூடாது.

ஒற்றைக்குள் ஒளிந்திருக்கும் இரட்டை

இப்போது ஒற்றை எஞ்சின் விமானத்தின் மூடியைத் திறந்து பார்ப்போம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் எத்தனை ஸ்பார்க் பிளக்? நான்கு என்றுதானே நினைப்பீர்கள். விமானத்தில் எட்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு.

அந்தப் பிளக்குகளுக்கு மின்சாரம் தருவது மேக்னெட்டோ என்ற கருவி. அதற்குள் ஒரு காந்தம் சுற்றும். சுற்றுவதாலேயே மின்சாரம் பிறக்கும். பேட்டரியே தேவையில்லை. ஒரு எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ. ஒன்று கெட்டாலும் மற்றது எஞ்சினை ஓட்டும்.

பறப்பதற்கு முன் விமானி ஒவ்வொரு மேக்னெட்டோவையும் மாற்றி மாற்றி அணைத்துப் பார்ப்பார். ஒன்றை அணைக்கும்போது எஞ்சின் சுழற்சி கொஞ்சம் குறைய வேண்டும். ரொம்பக் குறைந்தால் மற்றதில் கோளாறு. குறையவே இல்லையென்றால்? சந்தோஷப்படக் கூடாது. சுவிட்சைப் போட்டும் அது அணையவே இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். மாற்று ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது, அது உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கவும் வேண்டும்.

இரண்டும் ஒரே நேரத்தில்

முன்பு சொன்ன நிபந்தனைக்கு வருவோம். ஒன்று நிற்பதற்கும் மற்றது நிற்பதற்கும் தொடர்பே இல்லையென்றால்தான் பத்துக் கோடியில் ஒன்று. தொடர்பு இருந்தால் அந்தக் கணக்கே செல்லாது.

எளிய உதாரணம் எரிபொருள். பிஸ்டன் எஞ்சின் குட்டி விமானங்கள் பலவற்றுக்கு அவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல் போடுவார்கள். ஜெட் விமானங்களுக்குப் போடுவது மண்ணெண்ணெய் வகை. தவறுதலாக ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டால், இரண்டு இறக்கைத் தொட்டிகளுக்கும் ஒரே வண்டியிலிருந்துதானே நிரப்பியிருப்பார்கள்? குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்ததும் இரண்டு எஞ்சினும் அடுத்தடுத்து நிற்கும். இதனால்தான் அதிகம் புழங்கும் அவ்காஸுக்கு நீலச் சாயம் சேர்க்கிறார்கள். ஜெட் எரிபொருள் குழாயின் வாயையும் பெட்ரோல் தொட்டிக்குள் நுழையாதபடி அகலமாக வைக்கிறார்கள். விமானி தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி போன்ற குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நீலமாக இருக்க வேண்டும். அடியில் தண்ணீர் முத்துகள் தங்கியிருக்கக் கூடாது.

இதைவிட நுட்பமான ஒரு சம்பவம் ஜெர்மனியில் நடந்தது. ஆஸ்திரியாவின் டைமண்ட் நிறுவனம் டிஏ 42 என்ற நவீன இரட்டை எஞ்சின் விமானத்தைத் தயாரிக்கிறது. அதில் அப்போது இருந்தவை டீசல் வகை எஞ்சின்கள். மேக்னெட்டோ இல்லை, ஆறு கைப்பிடிகளும் இல்லை. எரிபொருளின் அளவு, புரொப்பெல்லரின் கோணம் எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் மாற்றுக் கணினியும் உண்டு. இரட்டைக்கு இரட்டையாக எவ்வளவு ஏற்பாடு!

2007 மார்ச் 4 அன்று ஸ்பையர் நகர விமான நிலையத்தில் அப்படி ஒரு விமானத்தின் பேட்டரி தீர்ந்து கிடந்தது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து இரண்டு எஞ்சின்களையும் கிளப்பினார்கள். இரண்டாவதை விமானத்தின் சொந்த மின்சாரத்தால்தான் கிளப்ப வேண்டும் என்று கையேடு சொல்லியிருந்தது. விமானம் எழும்பியது. சக்கரங்களை மடக்க மின் பம்பு ஓடத் தொடங்கியதும் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. பேட்டரியில் சத்து இல்லை, தாங்கிப் பிடிக்க ஆளில்லை. கணினிகள் அணைந்து மறுபடி தொடங்கின. அதற்குள் இரண்டு புரொப்பெல்லர்களும் ஃபெதர் ஆகிவிட்டன. ஒரு எஞ்சின் நின்றால் காப்பாற்றும் அதே ஏற்பாடு இரண்டிலும் சேர்ந்து வேலை செய்ய, விமானத்தை இழுக்க எதுவுமே இல்லாமல் போனது. ஓடுபாதையைத் தாண்டி அது தரையில் மோதியது. எஞ்சின் இரண்டு, ஆனால் மின்சாரத்தின் வேர் ஒன்று. பிற்பாடு எஞ்சின் கணினிகளுக்கென்று தனியாக மாற்று பேட்டரிகளைச் சேர்த்தார்கள்.

இன்னொன்று பெரிய விமானத்தின் கதை. 1983 மே 5, அமெரிக்காவின் மயாமி. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் மூன்று எஞ்சின் விமானம் 172 பேரோடு கடலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ஆயில் அழுத்தம் குறையவே ஒரு எஞ்சினை அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இரண்டும் நின்றன. மூன்றும் எப்படி ஒன்றாகக் கெடும்? முந்தைய இரவு பராமரிப்பில் மூன்று எஞ்சின்களிலும் ஒரே சிறு பாகத்தைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். மாட்டும்போது சில பைசா பெறும் ரப்பர் வளையங்களை மூன்றிலுமே போடவில்லை. அந்த இடைவெளி வழியாக ஆயில் ஒழுகித் தீர்ந்துவிட்டது. நல்லவேளையாக, முதலில் அணைத்த எஞ்சினில் கொஞ்சம் ஆயில் மிச்சமிருந்தது. அதை மறுபடி கிளப்பி மயாமியில் பத்திரமாக இறங்கினார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு எஞ்சினோடு பெருங்கடல் தாண்டும் விமானங்களில், இரண்டு எஞ்சினிலும் ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்வதைத் தவிர்ப்பது இன்று விதி. ஒரே ஆளின் ஒரே தவறு இரண்டு பக்கமும் போய்விடக் கூடாதல்லவா?

முடிவு என்ன?

ஒற்றை எஞ்சின் விமானத்தை வடிவமைப்பவர்கள் எஞ்சின் ஒருநாள் நிற்கலாம் என்று ஏற்றுக்கொண்டே வேலையைத் தொடங்குகிறார்கள். மெதுவாக இறங்கினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். அதனால் அது காற்றில் நிற்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் 61 நாட், மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விதி வைத்தார்கள். செஸ்னா 172 எஞ்சின் இல்லாமலும் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோமீட்டர் சறுக்கிப் போகும். வயலோ சாலையோ தேட விமானிக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். சிரஸ் நிறுவனத்தின் விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட்டே இருக்கிறது.

இரட்டை எஞ்சினின் பலம் வேறு. இரவிலும், கடலுக்கு மேலும், இறங்க இடமே இல்லாத காட்டுக்கு மேலும், போதுமான உயரத்தில் பறக்கும்போது ஒன்று நின்றால், மற்றது பக்கத்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் விமானி பயிற்சியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், எடை அளவோடு இருக்க வேண்டும், நீலக் கோட்டு வேகம் கையில் இருக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் கையில், தரையை விட்டு எழும்பிய சில நொடிகளுக்குள் ஒன்று நின்றால், ஒற்றை எஞ்சினைவிட இரட்டை எஞ்சின் விமானமே அதிக ஆபத்து.

வீட்டில் நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மின்சாரம் போனால் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு எமர்ஜென்சி விளக்கு வாங்கி வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே பிளக்கில்தான் சார்ஜ் செய்கிறார்களா? கடைசியாக எப்போது எரியவிட்டுப் பார்த்தார்கள்? எதற்காவது மாற்று இருக்கிறது என்று யார் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது? மாற்று வேலை செய்கிறது என்று கடைசியாகச் சோதித்தது எப்போது?